மின்வண்டி மைலேஜில் மடக்குவது எப்படி?

பெட்ரோல் வண்டிக்காரர் பாடு சுலபம். "எவ்ளோ குடுக்குது?" என்று யாராவது கேட்டால் "அம்பது" என்பார். கேட்டவர் மனதுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டு "பரவால்ல" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

மின்வண்டி வாங்கியவருக்கு அதே கேள்வியில்தான் கச்சேரி ஆரம்பம். ஒரே வண்டிக்கு ஏழெட்டு எண்கள் உண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள், ஆனால் ஒன்றுகூடப் பொய் இல்லை. பலவற்றுக்குச் சர்க்கார் முத்திரையே இருக்கிறது. எந்த எண்ணை எவரிடம் எப்போது எடுத்து வீச வேண்டும் என்று தெரிந்தவர் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் தோற்கவே மாட்டார். அதற்கான விதிமுறைகள் இதோ. பொய் சொல்லும்படி எங்கும் சொல்லவில்லை. அந்த அவசியமே வராது.

விதி 1: மைலேஜைக் கேட்டால் ரேஞ்சைச் சொல்லுங்கள்

மைலேஜ் என்பது ஒரு யூனிட் கரண்டில் வண்டி போகும் தூரம். ரேஞ்ச் என்பது ஒரு முழு சார்ஜில் போகும் தூரம். இரண்டும் ஒன்றல்ல என்பது கேட்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. நீங்களாகப் போய்த் தெரிவிக்க வேண்டாம்.

ரேஞ்சைக் கூட்ட இரண்டு வழி இருக்கிறது. வண்டியைச் சிக்கனமாகச் செய்வது ஒன்று. பெரிய பேட்டரியைத் தூக்கி உள்ளே வைப்பது இன்னொன்று. முதலாவதற்கு மூளை வேண்டும், இரண்டாவதற்குப் பணம் போதும்.

அமெரிக்காவில் 2022 மாடலாக விற்பனைக்கு வந்த ஹம்மர் மின்வண்டியைப் பாருங்கள். எடை 4 டன்னுக்கு மேல். பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல். ஒரு சார்ஜில் 329 மைல், அதாவது 530 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். இந்த 530-ஐச் சொன்னால் எவரும் புருவத்தை உயர்த்துவார். அது 100 கிலோமீட்டருக்கு 45 யூனிட் குடிக்கிறது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. ஏனென்றால் 2025 லூசிட் ஏர் ப்யூர் என்ற கார், 84 யூனிட் பேட்டரியை வைத்துக்கொண்டு 420 மைல் ஓடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் சொச்சம்தான். அதே தூரத்துக்கு ஹம்மர் குடிப்பது அதைப்போல மூன்று மடங்கு.

இன்னொரு வசதியும் உண்டு. குறிப்பிட்ட எடை வரம்பைத் தாண்டிய வண்டிகளுக்கு அமெரிக்காவில் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பந்தியில் யார் அதிகம் சாப்பிடுகிறாரோ அவர் இலையை மட்டும் எண்ண வேண்டாம் என்கிற ஏற்பாடு. ஹம்மர் இந்த வரம்புக்கு அப்பால் நிற்கும் வண்டி.

விதி 2: சந்தேகப்படுகிறவரிடம் "லேப்ல டெஸ்ட் பண்ணது" என்று சொல்லுங்கள்

"ஏம்ப்பா, அவ்ளோ தூரம் நெஜமா போகுமா?" என்று பெரியப்பா இழுப்பார். "கவர்மென்ட் லேப்ல டெஸ்ட் பண்ணது பெரியப்பா" என்று அடித்துவிட்டுக் காபியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லேப் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஒவ்வொருவரும் கட்டுப்படுவார்.

லேபில் நடப்பதை நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருங்கள். வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோவதில்லை. சக்கரங்களைப் பெரிய உருளைமேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் ஒரு பெரிய மின்விசிறி காற்றடிக்கும். ஓட்டுகிறவர் முன்னால் ஒரு திரை, திரையில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் அவருக்குச் சாலை. கோடு ஏறினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், இறங்கினால் பிரேக்கைத் தொட வேண்டும். அமெரிக்கச் சோதனையில் மணிக்கு 2 மைலுக்கு மேல் கோட்டிலிருந்து பிசகக் கூடாது. குறுக்கே மாடு வராது, ஷேர் ஆட்டோ வராது, வேகத்தடை வராது. பேட்டரி தீரும்வரை இப்படி ஓட்டி, பிறகு சார்ஜ் ஏற்றி, எத்தனை யூனிட் ஏறியது என்று கணக்கெடுப்பார்கள்.

நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றின் பாரம் எப்படித் தெரியும்? அதற்கு ஒரு முன்வேலை உண்டு. வண்டியை வெளியே நீளமான சமதளச் சாலையில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். அது தானாக எவ்வளவு நேரத்தில் வேகம் இழக்கிறது என்று அளந்து, காற்றும் டயரும் எவ்வளவு இழுக்கின்றன என்று கணக்குப் போட்டு, அதே இழுப்பை உருளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சூட்சுமமெல்லாம் இந்த உருட்டலில்தான். இதில் சின்னப் பிசகு வந்தால் பின்னால் வரும் எல்லா எண்களும் பிசகும். ஹூண்டாயும் கியாவும் இந்த இடத்தில் தவறியதாகச் சொல்லி, 2012-ல் சுமார் 9 லட்சம் வண்டிகளின் மைலேஜ் சீட்டை அமெரிக்கா திருத்த வைத்தது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதமும் விழுந்தது. அவை பெட்ரோல் வண்டிகள். மின்வண்டிக்கும் இதே உருட்டல்தான்.

அமெரிக்காவில் பெரும்பாலான சோதனைகளைக் கம்பெனிகளே செய்து எண்களைக் கொடுக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ., அவற்றில் சிலவற்றை மட்டும் மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பர் ஆய்வுக்கூடத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கும். இதெல்லாம் பெரியப்பா காதுக்குப் போக வேண்டாம்.

விதி 3: சுலபமான பரீட்சையில் பாஸான மார்க்கைக் காட்டுங்கள்

திரையில் ஓடும் கோடு நாட்டுக்கு நாடு வேறு. உங்களுக்கு அதிர்ஷ்டம் அங்கேதான்.

நம் ஊர் மின் ஸ்கூட்டர் விளம்பரங்களில் ஐ.டி.சி. ரேஞ்ச் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். இந்திய ஓட்டச் சுற்று என்ற சோதனையின் எண் அது. ஒரு சுற்று 108 நொடி. அதில் எட்டும் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். சராசரி 22-ஐ ஒட்டி. அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பின்சீட்டில் மனைவி இல்லை, முன்னால் நிற்கும் பிள்ளை இல்லை, கால்மாட்டில் அரிசி மூட்டை இல்லை. கத்திப்பாரா பாலம் ஏற வேண்டியதும் இல்லை.

கார்களுக்கு இருப்பது எம்.ஐ.டி.சி. இதில் இரண்டு பாகம். முதல் பாகம் ஊருக்குள் ஊர்கிற ஓட்டம். இரண்டாவதில் மணிக்கு 90 கிலோமீட்டர்வரை போவார்கள். ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு கட்டத்தில் மணிக்கு 131 கிலோமீட்டரைத் தொட வேண்டும், அறையின் வெப்பநிலை 23 டிகிரி. இதற்குமேல் கறாரானது அமெரிக்கச் சோதனை. நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் என்று இரண்டையும் ஓட்டி முடித்த பிறகு, வந்த ரேஞ்சை 0.7-ஆல் பெருக்குவார்கள். லேபில் 100 வந்தால் சீட்டில் 70. ஓட்டுகிறவர் வேகமாகப் போவார், ஏசி போடுவார், குளிர் காலம் வரும் என்று முன்கூட்டியே கழித்துவிடுகிற ஏற்பாடு.

இந்த 0.7-க்கும் ஒரு விலக்கு உண்டு. வேகமாக விரட்டும் ஓட்டம் ஒன்று, 35 டிகிரி வெயிலில் ஏசி போட்ட ஓட்டம் ஒன்று, மைனஸ் 7 டிகிரி குளிரில் ஓட்டம் ஒன்று என்று மேலும் மூன்று பரீட்சை எழுதத் தயாராக இருக்கும் கம்பெனி, தன் வண்டிக்குச் சற்றே தாராளமான பெருக்கல் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அதனால் ஒரே ஊரில் ஒரே மாதிரி சீட்டு ஒட்டிய இரண்டு கார்களைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் வண்டிக்கு ஐ.டி.சி. எண்ணையும் எதிராளி வண்டிக்கு அவர் நிஜமாக ஓட்டிப் பார்த்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுங்கள். வெற்றி உங்களுக்கே.

ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது. சில கம்பெனிகள் தாங்களாகவே உண்மையைப் பக்கத்தில் எழுதிவைக்கின்றன. 2022-ல் வந்த ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றிதழில் 146 கிலோமீட்டர், கம்பெனியே சொன்ன 'ட்ரூ ரேஞ்ச்' 105. டாட்டாவின் நெக்ஸான் 45 மின்காருக்கு 2024-ல் எம்.ஐ.டி.சி.யின் இரண்டு பாகமும் சேர்த்து 489, முக்கால்வாசி வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் என்று கம்பெனி சொன்னது 350 முதல் 370. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஒன்று 0.72, இன்னொன்று 0.72-லிருந்து 0.76. அமெரிக்கச் சர்க்கார் மேசையில் உட்கார்ந்து போட்ட 0.7 எங்கே, ஓசூரிலும் புனேயிலும் ரோட்டில் கிடைத்தது எங்கே? இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. சான்றிதழ் எண்ணில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்ற இந்தச் சூத்திரம் எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். மூச்சு விடாதீர்கள்.

விதி 4: லிட்டருக்கு 297 என்று ஆரம்பியுங்கள்

கல்யாண வீட்டில் மச்சான் பெட்ரோல் ஸ்கூட்டர் பெருமை பேசுகிறார். "மாப்ள, லிட்டருக்கு அம்பது சுளையா குடுக்குது." சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "நம்ம வண்டி 297 மச்சான்."

இதுவும் பொய் இல்லை. அமெரிக்காவில் 2010-ல் நிஸான் லீஃப் கார் வந்தபோது, பெட்ரோல் பழகிய ஜனங்களுக்கு யூனிட் கணக்குப் புரியாது என்று ஈ.பி.ஏ. ஒரு யோசனை செய்தது. ஒரு காலன் பெட்ரோலை எரித்தால் வரும் வெப்பம் 33.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆகவே 33.7 யூனிட்டில் மின்வண்டி எத்தனை மைல் ஓடுகிறதோ அதுவே அதன் 'காலனுக்குச் சமமான மைல்'. எம்.பி.ஜி.இ. என்பார்கள். லீஃபுக்கு 99 கிடைத்தது.

நம் கணக்குக்கு மாற்றினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 8.9 யூனிட். உங்கள் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் குடித்தால், யூனிட்டுக்கு 33 கிலோமீட்டர் சொச்சம். 8.9-ஆல் பெருக்கினால் 297. மச்சான் வாயடைத்துப் போவார்.

காலன் விஷயத்தில் அமெரிக்காவிடம் கற்றுக்கொள்ள இன்னும் இருக்கிறது. வாங்குகிறவர் பார்க்கும் சீட்டில் ஒரு காலன் 33.7 யூனிட். கார் கம்பெனிகள் சர்க்காருக்குக் காட்ட வேண்டிய சராசரி மைலேஜ் கணக்கில், எரிசக்தித் துறை 2000-ல் நிர்ணயித்தபடி அதே காலன் 82 யூனிட்டாக இருந்தது. மின்வண்டி செய்கிற கம்பெனிக்கு ஊக்கம் தரவேண்டும் என்று கொடுத்த சலுகை அது. சீட்டில் 100 வாங்கிய வண்டி இந்தக் கணக்கில் இருநூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் காலனைப் படிப்படியாகக் குறைக்க 2024-ல்தான் விதி போட்டார்கள். ஒரே சர்க்காருக்கு இரண்டு காலன் இருக்கலாம் என்றால் உங்களுக்கு ஏழெட்டு எண் இருப்பதில் தப்பே இல்லை.

விதி 5: தேவைப்பட்டால் பின்னத்தைத் தலைகீழாக்குங்கள்

யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றும் சொல்லலாம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்றும் சொல்லலாம். தலைகீழாகத் திருப்பினால் ஒன்றுதானே என்று தோன்றும். மனசுக்கு அப்படித் தெரியாது.

ஒரு வீட்டில் ஒரு பழைய மின் ஸ்கூட்டரும் ஒரு பழைய மின்காரும் இருக்கின்றன. ஸ்கூட்டரை மாற்றினால் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் என்பது 40 ஆகும். காரை மாற்றினால் 4 என்பது 5 ஆகும். எதை மாற்றலாம்? பத்துக் கிலோமீட்டர் கூடுகிறதே என்று எல்லாரும் ஸ்கூட்டர்மேல் கை வைப்பார்கள்.

திருப்பிப் போடுங்கள். 100 கிலோமீட்டருக்கு ஸ்கூட்டர் குடிப்பது 3.3 யூனிட்டிலிருந்து 2.5 ஆகிறது. கார் குடிப்பது 25-லிருந்து 20 ஆகிறது. இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஸ்கூட்டரில் மிச்சம் 8 யூனிட், காரில் 50.

டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-ல் 'சயன்ஸ்' இதழில் காட்டிய கண்கட்டு இது. காலனுக்கு இத்தனை மைல் என்று சொன்னால் மனிதர்கள் மிச்சத்தைத் தப்பாக மதிப்பிடுகிறார்கள் என்றார்கள். பிறகு வந்த அமெரிக்கச் சீட்டுகளில் 100 மைலுக்கு எவ்வளவு செலவாகும் என்ற எண்ணும் சேர்ந்தது. ஆனால் சின்ன எழுத்தில். பெரிய எழுத்தில் இன்னமும் பழைய கணக்கே நிற்கிறது.

ஆகவே சின்ன வண்டிக்காரரா, கிலோமீட்டரில் பேசுங்கள். பெரிய காரை மாற்றிவிட்டு வந்தவரா, யூனிட்டில் பேசுங்கள். இடம் பார்த்து.

விதி 6: டிஸ்ப்ளேயைக் காட்டுங்கள், சுவர்ப்பக்கம் போகாதீர்கள்

வண்டியின் டிஸ்ப்ளே காட்டும் எண் பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் வெளியே போயிற்று என்பது. நீங்கள் காசு கட்டுவது சுவரிலிருந்து எவ்வளவு கரண்ட் உள்ளே போயிற்று என்பதற்கு. இரண்டுக்கும் நடுவில் சார்ஜர் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அதைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு முழுக்க உங்கள் பில்லில் ஏறும் யூனிட்.

லீஃபின் சீட்டே இதைக் காட்டிக்கொடுக்கும். 100 மைலுக்கு 34 யூனிட், ரேஞ்ச் 73 மைல் என்று போட்டிருந்தது. பெருக்கினால் ஏறக்குறைய 25 யூனிட் வருகிறது. காரின் பேட்டரியோ 24 யூனிட்தான், அதையும் அடிவரை வழித்துவிட முடியாது. இல்லாத கரண்ட் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. ரேஞ்சைப் பேட்டரி தீரும்வரை ஓட்டி அளந்தார்கள். செலவை மறுபடி சார்ஜ் ஏற்றும்போது சுவரில் அளந்தார்கள். வழியில் கரைந்ததும் செலவோடு சேர்ந்துவிட்டது.

ஐரோப்பியச் சீட்டிலும் சார்ஜ் ஏற்றும் நஷ்டம் சேர்த்தே செலவு சொல்லப்படுகிறது. ஆகையால் சுவரில் அளந்த செலவைவிட உங்கள் டிஸ்ப்ளே எப்போதும் அழகாகவே இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுங்கள்.

விதி 7: ரேஞ்ச் குறைந்தால் பழி போட ஆள் வைத்திருங்கள்

என்ன சாமர்த்தியம் செய்தாலும் ஒருநாள் திண்டிவனம் தாண்டி வண்டி மூச்சு வாங்கும். பின்சீட்டிலிருந்து "நானூறு போகும்னீங்க?" என்று ஒரு குரல் வரும். அப்போது கைகொடுக்கும் காரணங்கள் மூன்று. மூன்றும் உண்மை.

ஒன்று, வேகம். காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50-ல் போகிறவர் 100-ல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகும் சக்தி நான்கு மடங்கு. பெட்ரோல் காருக்கு ஊருக்குள் மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் கூடும். மின்காருக்கு நேர்மாறு. ஊருக்குள் பிரேக் போடும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தரும். நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை இல்லை. அமெரிக்கச் சீட்டு நகர ஓட்டத்துக்கு 55 சதவீதமும் நெடுஞ்சாலைக்கு 45 சதவீதமும் கொடுத்துக் கலக்கிய எண். முழுக்க நெடுஞ்சாலையில் ஓடினால் அது எட்டாது. மணிக்கு 75 மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்த முடிவுகளை வைத்து 2023-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், மின்கார்கள் சீட்டில் உள்ள ரேஞ்சைவிடச் சராசரியாக 12.5 சதவீதம் குறைவாக ஓடின. பெட்ரோல் கார்கள் சீட்டைவிட 4 சதவீதம் கூடுதலாக ஓடின.

இரண்டு, ஏசி. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2019-ல் ஐந்து மின்கார்களைச் சோதித்தது. 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டியதில் ரேஞ்ச் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மைனஸ் 7 டிகிரிக் குளிரில் ஹீட்டர் போட்டால் 41 சதவீதம். குளிர்க் கணக்கு நமக்கு வேண்டாம். 35 டிகிரி என்பது சென்னைக்கு அக்னி நட்சத்திரம்கூட இல்லை, சாதாரணமான ஒரு மத்தியானம்.

மூன்று, பாரம். இதைச் சொல்லும்போது பின்சீட்டில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி 8: நிலக்கரிப் பேச்சு வந்தால் ஆடிக் காற்றைப் பேசுங்கள்

டீக்கடையில் ஒருவர் நிச்சயம் இருப்பார். "அண்ணே, அந்தக் கரண்டு எங்கேர்ந்து வருது? கரிய எரிச்சுத்தானே?" என்று கேட்பார். நியாயமான கேள்வி என்பதால் ஆபத்தான கேள்வி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சுற்றுவதைச் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனி, ஆடி, ஆவணியில் எடுபடும். மற்ற மாதங்களுக்கு வேறு பதில் வேண்டும்.

அந்த 297 இருக்கிறதே, அது உங்கள் வீட்டு பிளக்கோடு நின்றுவிடுகிற கணக்கு. பிளக்குக்குப் பின்னால் உள்ள மின்நிலையத்தை அது பார்ப்பதே இல்லை. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மின்சாரமாகிறது. உங்கள் ஸ்கூட்டரின் 3 யூனிட்டுக்கு அங்கே 9 யூனிட் வெப்பம் எரிந்திருக்கும். கம்பியில் கரைவதையும் சேர்த்துப் பத்து, பதினொன்று என்று வையுங்கள். மச்சானின் வண்டி 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடிக்கிறது. அது சுமார் 18 யூனிட் வெப்பம், சுத்திகரிப்பு ஆலையில் செலவானதைச் சேர்க்காமலே.

அப்படியானால் முழுக்க நிலக்கரிக் கரண்டில் ஓடினாலும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள். ஆறு மடங்கு வித்தியாசத்தில் அல்ல, இரண்டு மடங்குக்கும் குறைவான வித்தியாசத்தில். இது நேர்மையான வெற்றி. நேர்மையான வெற்றிக்கு டீக்கடையில் மவுசு கிடையாது என்பதால் ஆறு மடங்கோடு நிறுத்திக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

விதி 9: இதை மட்டும் செய்துவிடாதீர்கள்

மேலே சொன்ன அத்தனை வித்தையையும் ஒரே அடியில் கெடுக்கும் காரியம் ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரிகல் கடைக்குப் போய் யூனிட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, சார்ஜர் பிளக்கில் மாட்டுவது. முழு சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஆபீஸ், சந்தை, கோயில் என்று பல நாள் ஓட்டுவது. ஒவ்வொரு தடவையும் முழு சார்ஜ்வரை ஏற்றி, மீட்டரில் சேர்ந்த யூனிட்டை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குவது.

வருகிற எண்ணில் உங்கள் ஊர் வெயில் இருக்கும், உங்கள் ரோடு இருக்கும், உங்கள் கை முறுக்கும் முறுக்கு இருக்கும், சார்ஜர் தின்றதும் இருக்கும். அதோடு எந்தக் கம்பெனி விளம்பரமும் வாதாட முடியாது. ஸ்கூட்டருக்கு மூன்று, மூன்றரை வந்தால் நல்ல வண்டி. 2019-ல் வந்த ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், இருசக்கர மின்வண்டிக்கு மானியம் வேண்டுமென்றால் 100 கிலோமீட்டருக்கு 7 யூனிட்டுக்குமேல் குடிக்கக் கூடாது என்று மத்திய அரசே உச்சவரம்பு வைத்தது. அதன் பக்கத்தில் உங்கள் எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

வீட்டுக் கணக்கும் அதிலேயே தெரிந்துவிடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், 100-க்கு 3.3 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் கூடுதலாக 66 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை வீடு ஏற்கனவே தின்று தீர்த்திருந்தால், இந்த 66-க்கும் முழுக் காசு. ஏற்கனவே 450-ல் நிற்கிற வீடு என்றால் 500-ஐத் தாண்டும், தாண்டினால் கீழ்ப்படி விலையின் சலுகையும் போகும். ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டு எண்ணும் ஒரே சோதனையில் வந்தவையா, இரண்டும் 100 கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கில் இருக்கின்றனவா, இரண்டும் சுவரில் அளந்தவையா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டு, அதே வண்டியை ஒரு வருஷமாக ஓட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடித்து அவருடைய கரண்ட் பில்லைக் கேளுங்கள். ரேஞ்சைக் கேட்டால் அவரும் இந்தக் கட்டுரையைப் படித்தவராக இருக்கலாம்.